மென்டரை விசாரித்த ஞாயிற்றுக்கிழமை

யாராவது சும்மா நல்லது செய்தால் எனக்குப் பிடிக்காது. "இவங்களுக்கு இதுல என்ன?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறவிக் குணம் என்று அம்மா சொல்வாள். பிறவிக் குணமாவது மண்ணாங்கட்டியாவது! எங்கள் வீட்டில் வளர்கிற எந்தப் பிள்ளைக்கும் இது தானாக வந்துவிடும்.

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகிற ரோட்டில் அப்பாவுக்குப் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருப்பார்கள். அப்பாவும் போய் வந்தவர்தான். டிரைவர் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். அங்கே போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு சிமென்ட் மூட்டை தூக்க விட்டார்கள். மூன்று வருஷம். அந்த ஏஜென்ட் மேல் இருந்த கோபம்கூட அப்பாவுக்கு ஆறிவிட்டது. தன் மேல் இருந்ததுதான் ஆறவே இல்லை. "அந்தாளு ஊருக்கு ஒரு நடை போயி விசாரிச்சிருந்தா அன்னைக்கே குட்டு ஒடஞ்சிருக்கும். சிரிச்ச மூஞ்சியப் பாத்து ஏமாந்துட்டேன்" என்பார்.

எங்கள் ஊரில் விசாரிப்பது என்றால் அதற்கு முறை இருக்கிறது. பெண் எடுத்தாலும் கொடுத்தாலும், வேலைக்குப் போனாலும், இடம் வாங்கினாலும் முதலில் ஆளை விட்டு விசாரிப்பார்கள். போகிறவர் நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார். டீக்கடை, முடிவெட்டுகிற கடை, இஸ்திரி போடுகிறவர் என்று சுற்றுவார். "சொந்தக்காரன் நல்லதச் சொல்லுவான், ஆகாதவன் கெட்டதச் சொல்லுவான், இஸ்திரிக்காரந்தான் உள்ளதச் சொல்லுவான்" என்பது அப்பாவின் கணக்கு. இன்னொன்றும் உண்டு. விசாரிக்கப் போகிறவர் யார் அனுப்பினார்கள் என்று வாய் திறக்கக் கூடாது. யாராவது கேட்டால், "சொந்தத்துல கேட்டாக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

புதுக்கோட்டையில் நான் பி.காம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, காலேஜில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு பெரிய இன்வெஸ்ட்மென்ட் பேங்க், படிப்பு முடிவதற்கு முன்பே பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாசம் வழிகாட்ட ஆளுக்கொரு மென்டரை வைத்துப் பழக்குமாம். கடைசியில் மென்டர் ஒரு லெட்டர் எழுதிக் கொடுப்பார், பிறகு இண்டர்வியூ. அதில் தேறினால் மே, ஜூன் இரண்டு மாசம் பெங்களூர் ஆபீசில் இண்டர்ன்ஷிப். அங்கே ஒழுங்காகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. பொழுதுபோகாமல் டெஸ்ட் எழுதினேன். பாஸ் ஆகிவிட்டேன். எங்கள் காலேஜில் என்னைத் தவிர யாரும் தேறவில்லை. சந்தோஷப்படுவதற்கு முன்னால் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. என்னை எதற்கு எடுத்தார்கள்?

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். "இது நாம பணம் போடுற பேங்க் இல்லம்மா. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிய வாங்கும்ல, அப்ப நடுவுல நின்னு வெல பேசி முடிச்சு வைக்கிற எடம்."

"அட, தரகு. மாட்டுத் தரகன் செய்யிறதுதானே? இதுக்கா இங்கிலீஷுல பேரு?"

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காசு கட்டச் சொன்னாகளா?"

"இல்லப்பா. ஒரு பைசா கெடையாது."

"அப்ப கடைசியில கேப்பாக" என்று சொல்லிவிட்டு டியூபைத் தண்ணீரில் முக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த மென்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். அந்தப் பேங்கின் பெங்களூர் ஆபீசில் பெரிய பதவி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் வருவார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கோயம்புத்தூர்ப் பக்கத் தமிழ் பேசினார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். அது எப்படி முடியும்? மேம் என்றுதான் கூப்பிட்டேன்.

அவரிடம் எனக்கு எல்லாமே சந்தேகம். எந்த நேரமும் சிரித்த முகம். பின்னால் வீடு தெரியாமல் கலங்கலாக மறைத்து வைத்திருப்பார். இவ்வளவு பெரிய ஆளுக்கு மறைக்கிற மாதிரி வீட்டில் என்ன இருக்கும்? "இது பரீட்சை இல்லம்மா, சும்மா பேசலாம்" என்பார். நான் பேச ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் கீபோர்டு கடகடவென்று கேட்கும். சும்மா பேசுவதற்கு எதற்கு எழுத்து வேலை? எனக்கு எதைப் பார்த்தால் பயம், வீட்டில் யார் முடிவெடுப்பார்கள், வெளியூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். பெங்களூரில் மாமா இருக்கிறார், லிஃப்ட் ரிப்பேர் வேலை என்று சொல்லிவிட்டு, ஏன்டா சொன்னோம் என்று ரெண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா சொல்லிக் கொடுத்தால் மண்டையில் ஏறியது. பாலன்ஸ் ஷீட்டை நான் இரண்டு வருஷமாக மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கம்பெனியின் மூச்சு எங்கே முட்டுகிறது என்று பார்க்க அவர்தான் காட்டினார். தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டார். "எப்படி யோசிச்சே, அதச் சொல்லு" என்பார். எங்கள் காலேஜில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதே அடுத்த சந்தேகத்தைக் கிளப்பியது.

எட்டாவது வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு தொழிலுக்கு விலை போடுவது எப்படி என்று பாடம். "பெரிய கம்பெனி வேண்டாம். உங்க அப்பா கடையவே எடுத்துக்கோ. யாராவது வாங்க வந்தா என்ன விலை சொல்லலாம்? ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருது, என்ன மெஷின் இருக்கு, இடம் யார் பேர்ல இருக்கு, பக்கத்துல வேற பஞ்சர் கடை உண்டா, எல்லாம் கேட்டு எழுதிட்டு வா" என்றார்.

நானும் பேப்பர் பேனாவோடு போய் அப்பாவிடம் கேட்டேன். மூன்றாவது கேள்வியில் அப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"எடம் யாரு பேருல இருக்குன்னா கேட்டாக?"

"ஆமாப்பா."

"அந்தம்மாவுக்கு எங் கடை எடம் எதுக்கு?"

"பாடம்ப்பா அது."

"என்ன பாடம்? ரோட்டு மேல இருக்குற எடம் பாப்பா இது. காசு ஏன் கேக்கலன்னு இப்பத்தான் புரியுது."

அப்பாவைப் பார்த்து நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. எனக்கும் சுருக்கென்றது. அதே வாரம் பேங்கிலிருந்து ஒரு ஃபாரமும் வந்து சேர்ந்தது. பெற்றோர் கையெழுத்து, ஆதார் நகல், பெங்களூரில் தங்குவதற்கு அவர்களே கொடுக்கிற ஹாஸ்டலுக்குச் சம்மதம். "தங்குற எடமும் அவுகளே குடுக்குறாகளாம்" என்று அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். விசாரிக்காமல் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் இண்டர்வியூ கிடையாது.

விசாரிப்பது என்றால் வீடு தெரிய வேண்டும். அது எனக்குத் தெரியும். மூன்றாவது வாரம் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு பார்சல்காரரின் போன் வந்தது. மைக்கை அணைக்காமலே அடுக்குமாடிப் பேரையும் தெருவையும் சொல்லி வழி காட்டினார். நான் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். எதற்கு எழுதினேன்? சத்தியமாக எனக்கே தெரியாது. கையில் ஒன்று இருக்கட்டும் என்கிற புத்திதான். அதையும், நெட்டில் இருந்த அவர் போட்டோவையும் மாமாவுக்கு அனுப்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

மாமா ஞாயிற்றுக்கிழமை காலை போய், மத்தியானச் சாப்பாட்டுக்குள் போன் போட்டுவிட்டார். அப்பா ஸ்பீக்கரில் வைத்தார்.

"மச்சான், ஒண்ணும் கவலப்படாதீக. பேங்க் வேல நெசந்தான். ஆளு தங்கம். கேட்டுல இஸ்திரி போடுறவரு நம்ம திண்டுக்கல் பக்கம். தமிழ்ல கேட்டதும் எல்லாத்தையும் கொட்டிட்டாரு. புருஷனோட ஒத்து வரல, பிரிஞ்சு வந்து ஒரு வருஷமாச்சாம். ஒரு பொம்பளப் புள்ள, ரெண்டாப்பு படிக்குது. ஸ்கூல் வேன் ஏழே முக்காலுக்கு கேட்டுக்கே வந்துருமாம். சாயந்தரம் ஒரு ஆயா கூட்டியாந்து விடுதாம். அஞ்சாவது மாடி."

"யாரு அனுப்புனதுன்னு கேட்டாகளா மாப்ள?"

"வாச்மேன் கேட்டாரு. சொந்தத்துல கேட்டாகன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சபாஷ்" என்றார் அப்பா. அம்மாவுக்குப் 'பிரிஞ்சு வந்துட்டாக' என்ற சொல் மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஒரு வாரம் அதையே பேசினாள். அப்பா அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாமாவின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு குழந்தை எத்தனை மணிக்கு வாசலில் நிற்கும் என்பது வரைக்கும் அரை நாளில் தெரிந்துகொண்டு வந்துவிட்டாரே!

அடுத்த சனிக்கிழமை கால் இல்லை என்று மெசேஜ் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. போச்சு, வேலையைக் காட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் முகம் காட்டாமல் குரல் மட்டும் வந்தது.

"சாரிம்மா. ரெண்டு வாரம் உன்னை அம்போன்னு விட்டுட்டேன். வீட்ல ஒரு பிரச்சனை. என் போட்டோவ வச்சுக்கிட்டு யாரோ என்னைப் பத்தி விசாரிச்சுட்டுப் போயிருக்காங்க. சொந்தக்காரங்க அனுப்பினாங்கன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னாங்களாம். என் எக்ஸ் ஹஸ்பண்டா இருக்கும்னு நினைக்கிறேன். அவருக்கு என் அட்ரஸ் தெரியாது. தெரியக் கூடாது. இப்ப பிரெண்ட் வீட்ல இருக்கோம். சரி, அத விடு, நாம பாடத்தப் பார்க்கலாம்."

மாடியில் வெயில் கொளுத்தியது. அவர் சொல்வது எங்கள் மாமாவைத்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? இதைச் சொன்னால்தானே என் லட்சணம் தெரியும். 'இதை எதற்கு என்னிடம் சொல்கிறார்? போட்டு வாங்குகிறாரோ? பெங்களூரில் மாமா இருப்பது அவருக்குத் தெரியுமே' என்றுதான் நினைத்தேன். அவர் கேள்வி கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன், ஆனால் காதெல்லாம் அவர் குரலில் ஏதாவது பொடி இருக்கிறதா என்றே தேடிக்கொண்டிருந்தது.

கீழே வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"வாயத் தொறக்காத. இன்னும் பத்து நாள்ல இண்டர்வியூ. அந்தம்மா எழுதிக் குடுக்குற லெட்டர்லதான் எல்லாமே இருக்குன்னு நீதானே சொன்ன? நாமதான்னு தெரிஞ்சா எழுதுவாளா? மாமனும் லிஃப்ட் வேலைக்கு அங்கிட்டுத்தான் திரியிறான். போலீசுக்குப் போனா அவன் பொழப்பு என்னாகும்?"

"அவங்க பாவம்மா."

"பாவந்தான். யாரு இல்லேங்குறா? நீ இந்தக் கடையில உக்காந்து டியூப் ஒட்டணும்னா போயிச் சொல்லு."

அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். வெறியாக வேண்டும். பத்து மணிக்கு மேல் படிக்க முடியாத இந்த ஒற்றை ரூமிலிருந்து கிளம்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க மூடிக்கொண்டே இருந்தேன்.

கடைசிச் சனிக்கிழமை, ஒத்திகையாக ஒரு இண்டர்வியூ நடத்தினார். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் அந்தப் பக்கம் ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

"அம்மா, திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போலாமா?"

"இல்லடா கண்ணு. இன்னும் கொஞ்ச நாள்."

"அன்னைக்கும் இதேதான் சொன்னே."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மேம், அது உங்க வீட்டுக்காரர் இல்லை. எங்க மாமா" என்று போட்டு உடைத்துவிட்டேன். பஞ்சர் கடை இடம், கையெழுத்து, நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்த அட்ரஸ், இஸ்திரிக்காரர், ஒன்று விடாமல் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கம் என்றும் சொன்னேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"அப்ப அவர் இல்லையா?" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "அவர் இல்ல. அவர் இல்லையா..." என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். எனக்கு உயிர் வந்தது. நல்லவேளை சொன்னோம், நாளைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடுவார், அந்தப் பிள்ளையும் ஸ்கூலுக்குப் போய்விடும் என்று நினைத்தேன்.

"உங்க மாமா எவ்வளவு நேரம் அங்க இருந்தார்?" என்று கேட்டார்.

"காலையில போனார் மேம். மத்தியானத்துக்குள்ள வந்துட்டார்."

"வேன் டைம் சொன்னாங்களா?"

"சொன்னாங்க மேம்."

"ஃப்ளோர்?"

"அஞ்சாவது மாடின்னு..."

அவர் அழவில்லை. கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற அதே குரலில் சொன்னார். "என்னைத் தெரியாத ஒரு ஆளுக்கே அரை நாள் போதும்னா, அவர் வர எவ்வளவு நேரம் ஆகும், சொல்லு? நான் அந்த வீட்டுக்குப் போக முடியாதும்மா." பிறகு, "உன் லெட்டர நேத்தே எழுதி அனுப்பிட்டேன். அதுல எழுதினது எல்லாம் உண்மைதான். மாத்த மாட்டேன். ஆனா இனிமே எனக்கு மெசேஜ் பண்ணாதே" என்றார். கால் கட்டாகிவிட்டது.

உடனே என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? 'நேத்தே அனுப்பிட்டேன்னு சும்மா சொல்றாங்க, இப்பப் போய் மாத்தி எழுதுவாங்க' என்றது. இண்டர்வியூ முடிகிற வரைக்கும், முடிவு வருகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இண்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. மெயிலில் அவர் எழுதியதிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். 'எதையும் சோதிக்காமல் நம்பாதவள். இந்த வேலைக்கு வேண்டிய குணம் அதுதான்.' படித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவர் பெங்களூரை விட்டே போய்விட்டார் என்று இண்டர்ன்ஷிப் விஷயமாகப் பேங்கிலிருந்து போனில் என்னோடு பேசுகிற ஒரு பெண் சொன்னாள். வேறு ஊர் ஆபீசுக்கு மாற்றிக்கொண்டாராம். எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லவில்லையாம்.

நான் கிளம்புகிற அன்றைக்குக் கடை முன்னால் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா கலர் உடைத்துக் கொடுத்தார். "சும்மா ஒண்ணும் அனுப்பல. ஆள விட்டு அடிமுதல் நுனி வரைக்கும் விசாரிச்சுத்தான் அனுப்புறோம்" என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை முடியவில்லை. பொறுமை என் பரம்பரையிலேயே கிடையாது.

"நிறுத்துங்கப்பா! நாம விசாரிச்சதாலதான் அந்தம்மா வீட்டக் காலி பண்ணிட்டு ஊர விட்டே போயிட்டாங்க. புருஷனுக்குத் தெரியாம ஒளிஞ்சு இருந்தாங்கப்பா. அந்தப் புள்ளைக்கு ஸ்கூலும் போச்சு."

அம்மா என்னை முறைத்தாள். அப்பா கையிலிருந்த பாட்டிலை ஓரமாக வைத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெளிநாட்டுக் கதையைச் சொல்லும்போதுகூட அவர் கலங்கினதில்லை.

"இம்புட்டு நாளா ஏன் பாப்பா சொல்லல? அய்யய்யோ, ஒரு பொம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு அந்தம்மா எங்க போயி தவிக்குதோ... பெரிய பாவம்ல பண்ணிட்டோம்." வேட்டி மடியிலிருந்து போனை எடுத்தார். "நாங் கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேக்கணும். இரு, மாப்ளக்கிட்டச் சொல்றேன். எந்த ஊருக்குப் போயிருக்காக, வீடு எங்க, எல்லாத்தையும் ரெண்டே நாள்ல விசாரிச்சுருவான்."

அப்பா நிஜமாகவே நம்பர் தேடிக்கொண்டிருந்தார். நான் அந்தப் போனைப் பிடுங்கினேன்.